கறுப்பு ஸ்க்ரீன் வேண்டாம் என்றார் அண்ணன்

83,88,608 பைட் இருக்க வேண்டிய ஃபைல் 1,30,054 பைட்டாகச் சுருங்கிக் கிடந்தது. அதைக் கவனிப்பதற்குள் ரவுட்டரின் ஃப்ளாஷ் சிப்பில் எழுதியும் ஆகிவிட்டது. பவர் லைட் எரிகிறது, மற்ற லைட் ஒன்றும் அசையவில்லை. கடைக்கார அண்ணன் என்னைத் திட்டவில்லை. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குத்தாம்மா அந்தக் கறுப்பு ஸ்க்ரீனே வேணாம்னேன்" என்றார்.

தவறு முழுக்க என்னுடையது. அவருக்குக் கமாண்ட் லைன் (அந்தக் கறுப்பு ஸ்க்ரீன்) பழக்கமில்லை என்று தெரிந்தும், என் பழைய உபுண்டு லேப்டாப்பைக் கடையில் வைத்து, ஒரு தாளில் நான்கு கமாண்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் எழுத்துப் பிசகாமல் அடித்தார். பிசகியது தாளில்தான்.

கடை ரிச்சி ஸ்ட்ரீட்டில், ஒரு குறுகலான மாடிப்படி ஏறினால் வரும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். சார்ஜர், அடாப்டர், சிசிடிவி, ரவுட்டர் என்று எது வந்தாலும் பார்ப்பார். நான் வேலை பார்ப்பது மென்பொருளில். சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்து சால்டரிங் கற்றுக்கொள்கிறேன். அதற்குக் கூலியாக அவருடைய கம்ப்யூட்டர் தலைவலிகளை நான் பார்க்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

கத்திரி வெயில் நேரத்தில் ஒரு கேபிள்காரர் சாக்குப்பையில் 11 ரவுட்டர் கொண்டுவந்து கொட்டினார். எல்லாம் ஒரே மாடல். ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த ஏரியாவில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது, பாதி எழுதிய நிலையில் அத்தனையும் படுத்துவிட்டன. ஹார்டுவேரில் கோளாறு இல்லை. சிப்பில் இருப்பதை மறுபடி எழுதினால் போதும்.

அந்தச் சிப் எட்டுக் கால் பூச்சி மாதிரி இருக்கும். தலையில் 25க்யூ64 என்று போட்டிருக்கும். 64 என்பது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால் 8 எம்பி. முதல் முறை பார்த்தபோது 64 எம்பி என்று நினைத்து, ஃபைல் ஏன் இவ்வளவு சின்னது என்று நானே குழம்பியிருக்கிறேன். சிஎச்341ஏ என்ற யுஎஸ்பி புரோகிராமரில் ஒரு கிளிப் மாட்டி, அந்தக் கிளிப்பைச் சிப்பின் மேல் கவ்வவைத்துப் படிக்கலாம், எழுதலாம். ஒரு எச்சரிக்கை: பரவலாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ போர்டில், சிப்புக்குப் போகும் பவர் 3.3 வோல்ட்டாக இருந்தாலும் டேட்டா லைன்களில் 5 வோல்ட் வரும். அண்ணன் அதைச் சரிசெய்து வைத்திருக்கிறார். வாங்கியதும் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஒரு நல்ல ரவுட்டரைப் படித்து, அந்த டம்ப்பை (சிப்பில் இருப்பதன் முழு நகல்) 11 சிப்பிலும் எழுதினால் முடிந்தது வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டில் எழுதினார், இரண்டும் உயிர் பெற்றன, கேபிள்காரர் சந்தோஷமாக எடுத்துப்போனார். மறுநாளே போன். இரண்டையும் ஒரே அபார்ட்மெண்டில் மாட்டியிருக்கிறார். ஒரு வீட்டில் நெட் வந்தால் அடுத்த வீட்டில் போகிறது, அங்கே வந்தால் இங்கே போகிறது.

காரணம் மேக் அட்ரஸ். 6 பைட் நீளமுள்ள அந்த எண், ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டியது. மாடிப்படி ஓரத்தில் தொங்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், எந்த மேக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். ஒரே எண் இரண்டு போர்ட்டிலிருந்து வந்தால், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் எல்லாவற்றையும் திருப்பிவிடும். ஒரே ரேஷன் கார்டை இரண்டு குடும்பம் நீட்டிய கதை.

அந்த 6 பைட் நல்ல டம்ப்போடு சேர்ந்து நகலாகிவிட்டது. அதோடு போகக் கூடாத இன்னொன்றும் போயிருந்தது. ஏத்தெராஸ் ப்ராசஸர் உள்ள இந்த வகைப் போர்டுகளில் சிப்பின் கடைசி 64 கேபியில் வைஃபை ரேடியோவின் காலிபரேஷன் இருக்கும். ஆர்ட் பகுதி என்பார்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு போர்டையும் அளந்து எழுதிய கணக்கு அது. பக்கத்துப் போர்டின் கணக்கைப் போட்டாலும் வைஃபை வரும். ஆனால் அது ஊரான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது போலத்தான்.

ஆகவே வேலை இதுதான்: நல்ல டம்ப்பை எடுத்துக்கொள், 1,30,048-ஆவது இடத்தில் செத்த ரவுட்டரின் சொந்த 6 பைட்டை வை, கடைசி 65,536 பைட்டையும் அதன் சொந்தத்தையே வை, நடுவில் எதையும் தொடாதே. (போர்டுக்குப் போர்டு இந்த இடங்கள் மாறும். இந்த எண்களை அப்படியே எடுத்து வேறு ரவுட்டரில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.)

என் தாளில் இருந்தது 'டிடி' கமாண்ட். ஒரு ஃபைலின் நடுவில் பைட்டுகளை வைக்க அது நன்றாகவே உதவும், 'நோட்ரங்க்' என்ற சொல்லைச் சேர்த்தால். சேர்க்காவிட்டால், எழுதி முடித்த இடத்தோடு ஃபைலை வெட்டிவிடும். 1,30,048-உடன் 6-ஐக் கூட்டிப் பாருங்கள், நான் தொலைத்த மீதி எங்கே போயிற்று என்று தெரியும். ஆர்ட் பகுதி ஃபைலின் கடைசியில் இருப்பதால் அதில் இந்தத் தவறு வெளியே தெரியாது. நான் வீட்டில் சோதித்துப் பார்த்தது அதை மட்டும்தான்.

அதற்கு முன்பு அண்ணன் ஹெக்ஸ் எடிட்டரில் (பைட் பைட்டாகத் திருத்தும் மென்பொருள்) கையாலேயே செய்து பார்த்திருந்தார். ஓர் இடத்தில் மேலெழுதுவதற்குப் பதில் இடைச்செருகி, மொத்த ஃபைலும் ஒரு பைட் தள்ளிப்போயிருந்தது. எடிட்டர் எச்சரித்திருக்கிறது, அது ஆங்கிலத்தில் கேட்டதற்கு இவர் ஓகே கொடுத்திருக்கிறார். வேறென்ன செய்வார், பின்னால் இரண்டு கஸ்டமர் நிற்கிறார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் முடிவு செய்துவிட்டேன். கடையில் யாரும் யோசிக்காமல் திறப்பது ஒன்றே ஒன்று, க்ரோம். அதற்குள்ளேயே இந்த வேலை நடக்க வேண்டும். இன்ஸ்டால் எதுவும் கூடாது. ஒரே ஒரு எச்டிஎம்எல் ஃபைல், பென்டிரைவில் கிடக்க வேண்டும், டபுள் கிளிக்கில் திறக்க வேண்டும்.

இருப்பதை எடுத்துக்கொள்ளலாமா?

புதிதாக எழுதுவதற்கு முன் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பைனரி ஃபைலில் பேட்ச் போடுவதில் (சில பைட்டுகளை மட்டும் மாற்றுவதில்) ரொம்ப நாளாக ஊறியவர்கள் பழைய வீடியோ கேம் மொழிபெயர்ப்பாளர்கள். முழு கேமையும் பகிர முடியாது, காப்புரிமைச் சிக்கல். அதனால் மாறிய பைட்டுகளை மட்டும் ஒரு சின்ன ஃபைலில் பகிர்வார்கள். மார்க் ரோப்லெடோ எழுதிய ரோம் பேட்ச்சர் ஜேஎஸ் இந்த வேலையைப் பிரவுசருக்குள்ளேயே செய்கிறது. நன்றாகச் செய்கிறது. அதைப் பார்த்துத்தான் இது முடியும் என்ற தைரியமே வந்தது.

அவர்களுடைய ஃபார்மட்டுகளில் பழையது ஐபிஎஸ். அதற்கும் போலீஸுக்கும் சம்பந்தமில்லை. தொடக்கத்தில் 'பேட்ச்' என்று ஆங்கிலத்தில் 5 எழுத்து, பிறகு வரிசையாக, எந்த இடம் என்று 3 பைட், எத்தனை பைட் என்று 2 பைட், அப்புறம் அந்த பைட்டுகள். முடிவில் 'இஓஎஃப்' என்று 3 எழுத்து, அவ்வளவுதான். இடத்துக்கு 3 பைட்தான் என்பதால் 16 எம்பிக்கு மேல் எட்டாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த இ, ஓ, எஃப் மூன்று எழுத்தையும் எண்ணாகப் படித்தால் 45,42,278 வரும். மாற்றம் சரியாக அந்த இடத்தில் தொடங்கினால், பேட்ச் முடிந்துவிட்டது என்று படிக்கிற மென்பொருள் பாதியில் எழுந்து போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு பைட் முன்னாலிருந்து தொடங்கி எழுதுவார்கள்.

ஐபிஎஸ்ஸின் பெரிய குறை வேறு. எந்த ஃபைலைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு எழுதும். சரியான ஃபைல்தானா என்று கேட்கவே கேட்காது. பின்னால் வந்த யூபிஎஸ் (இந்தப் பெயரைச் சொன்னதும் அண்ணன் மேஜைக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டியைக் குனிந்து பார்த்தார்), அதற்கும் பின்னால் வந்த பிபிஎஸ் இரண்டும் இதைச் சரிசெய்தன. பிபிஎஸ் ஃபைலின் கடைசி 12 பைட்டில் மூன்று சிஆர்சி32 (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) இருக்கும். பழைய ஃபைலுக்கு ஒன்று, புதிய ஃபைலுக்கு ஒன்று, பேட்ச்சுக்கே ஒன்று. ஒரு பைட் வேறாக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடும்.

எனக்கு இரண்டுமே சரிப்படவில்லை. ஒவ்வொரு ரவுட்டருக்கும் பேட்ச்சே வேறு, ஏனென்றால் வைக்க வேண்டிய பைட்டுகள் அந்தந்தச் செத்த டம்ப்பிலிருந்து வர வேண்டும். எதையும் கேட்காத காவலாளியும் வேண்டாம், ஊரில் ஒருவரைத் தவிர யாரையும் உள்ளே விடாத காவலாளியும் வேண்டாம். எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் வேண்டும்.

விண்டோஸில் 'எஃப்சி' என்று ஒரு பழைய கமாண்ட் உண்டு. இரண்டு பைனரி ஃபைலை ஒப்பிட்டால் வரிக்கு வரி இடம், பழைய பைட், புதிய பைட் என்று காட்டும். பழைய பைட்டும் வரியிலேயே இருப்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. எழுதுவதற்கு முன் 'இங்கே இது இருக்கிறதா?' என்று பார்க்கலாம், இல்லையென்றால் நின்றுவிடலாம். என் டூலின் செய்முறை ஃபைலை (எங்கே எதை மாற்ற வேண்டும் என்ற பட்டியல்) அந்த மாதிரியே வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டேன். நோட்பேடில் திறந்தாலும் புரியும்.

இரண்டு ராத்திரி

பைட்டுகளை மாற்றும் வேலை பத்து வரிகூட இல்லை. ஃபைலைப் படித்தால் அரே பஃபர் (வெறும் பைட்டுகளின் தொகுப்பு) கிடைக்கும், அதன்மேல் 8 பிட் எண்களின் வரிசையாக ஒரு பார்வையை வைத்து, வேண்டிய இடத்தில் வேண்டியதை வைக்கலாம். பிறகு ப்ளாப் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் ஃபைல் மாதிரி ஒன்று) ஆக்கி, டவுன்லோட் லிங்க் கொடுத்தால் முடிந்தது. அரை மணி நேரம்.

மற்றதெல்லாம் சுற்றுவேலை. ஃபைலை இழுத்துப் போட ஒரு பெட்டி வைத்தேன். குறி தவறிப் பெட்டிக்கு வெளியே போட்டால், க்ரோம் என் பக்கத்தை விட்டுவிட்டு அந்த ஃபைலைக் கையாளப் போய்விடுகிறது. பெட்டிக்கு மட்டும் இல்லாமல் பக்கம் முழுவதற்கும் அந்த வழக்கத்தைத் தடுக்க வேண்டியிருந்தது. அப்புறம், ஹெக்ஸ் எடிட்டர் மாதிரி எல்லா பைட்டையும் காட்டினால் அழகாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன். வரிக்கு 16 பைட் என்றால் 5,24,288 வரி. கடை கம்ப்யூட்டரில் 4 ஜிபி ராம். க்ரோம் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டது. மாறுகிற இடத்துக்கு மேலே நான்கு வரி, கீழே நான்கு வரி என்று குறைத்தேன். யாரும் மீதியைக் கேட்கவில்லை.

ஒரு ராத்திரி முழுக்க வீணானது வெப் வொர்க்கரில். பெரிய கணக்கைப் பின்னணியில் ஓடவிட்டால் பக்கம் உறையாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பென்டிரைவிலிருந்து நேராகத் திறந்த பக்கத்துக்கு, பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலை வொர்க்கராக ஓட்ட க்ரோம் அனுமதி தராது. அந்த நிரலையே ப்ளாபாக மாற்றி ஓட்டலாம், அதையும் செய்தேன், ஓடியது. பிறகுதான் நேரத்தை அளந்து பார்த்தேன். 8 எம்பிக்கு சிஆர்சி32 போட என் லேப்டாப்பில் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன்.

முடியாது என்று சொல்லக் கற்றது

அடுத்த சனிக்கிழமை கடையில் முதல் சோதனை. இரண்டு பெட்டிக்கும் 'மூலம்', 'இலக்கு' என்று தமிழில் பெயர் வைத்திருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் திரையைப் பார்த்து, "எதும்மா மூலம்? டாக்டர் கிட்ட போற மாதிரி இருக்கு" என்றார். கடைப் பையன் சிரிப்பை அடக்க வெளியே போனான். 'நல்ல டம்ப்', 'செத்த டம்ப்' என்று மாற்றினேன்.

அடுத்து அவர் கேட்டது நியாயமான கேள்வி. "இதுல போட்டா ஃபைல் எங்க போவுது? அடுத்தவன் பாஸ்வேர்டெல்லாம் இருக்குமேம்மா உள்ள." நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, நெட் கேபிளைப் பிடுங்கினேன். டூல் ஓடியது. அவருக்கு அது போதும். ஆனால் பாஸ்வேர்ட் பற்றி அவர் சொன்னது சரி. பயன்படுத்துகிறவர் போட்ட செட்டிங் எல்லாம் சிப்பிலேயே ஒரு பகுதியில் இருக்கும். அந்த நல்ல டம்ப்பில் யாரோ ஒருவர் வீட்டு வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே இருந்தன. ரீசெட் பட்டனை அழுத்தி, புது ரவுட்டர் நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி படித்தோம். இனி எப்போதும் அந்த ஒரே ஃபைல்தான் நல்ல டம்ப். அதன் சிஆர்சி32-ஐச் செய்முறையில் எழுதிவைத்தேன். அவசரத்தில் பெட்டி மாற்றிப் போட்டால் அங்கேயே பிடித்துவிடும்.

செத்த டம்ப்புக்கு அப்படி ஓர் எண்ணை வைத்துக்கொள்ள முடியாது. அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அளவு சரியா? முழுக்க எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1) ஆக இருக்கிறதா? இருந்தால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். ஒரே சிப்பை இரண்டு முறை படித்துக் கொடு, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா பார்க்கிறேன். இந்த இரண்டாவது படிப்பை அண்ணன் முதலில் வெறுத்தார். மூன்றாவது ரவுட்டரிலேயே இரண்டு படிப்பும் வேறுபட்டன. கிளிப்பின் ஒரு கால் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மேக் அட்ரஸுக்கும் சில கேள்விகள். எல்லாம் பூஜ்யமாகவோ எஃப்எஃப் ஆகவோ இருக்கக் கூடாது. முதல் பைட் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அதன் கடைசி பிட் 1 என்றால் அது பலருக்குச் சேர்த்து அனுப்பும் முகவரி, ஒரு கருவியின் சொந்த எண்ணாக இருக்க முடியாது. முதல் மூன்று பைட் தயாரிப்பாளரைக் குறிக்கும், அது நல்ல டம்ப்போடு ஒத்துப்போகாவிட்டால் மஞ்சள் எச்சரிக்கை மட்டும், ஏனென்றால் ஒரே தயாரிப்பாளரிடம் பல எண்கள் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை தந்தது நான் கடைசியில் சேர்த்த ஒன்று. மேக் இருக்கும் இடத்திலிருந்து 256 பைட் தள்ளி, இந்தப் போர்டுகளில் மாடல் எண்ணும் அதன் வெர்ஷனும் 8 பைட்டில் இருக்கின்றன. இரண்டு டம்ப்பிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி போட்டேன். ஏழாவது ரவுட்டரில் டூல் நின்றுவிட்டது. வெளிப்பெட்டி ஒன்று, பெயர் ஒன்று, உள்ளே வெர்ஷன் வேறு. திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்கரின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தோம், உள்ளே போர்டே வேறு.

அப்போது திரையில் வந்த வாசகம் 'மாதிரி எண் பொருந்தவில்லை'. அண்ணன் அதைப் படித்துவிட்டு, எதையோ சரியாகப் பொருத்தவில்லை போலிருக்கிறது என்று கிளிப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது சிவப்பில் இப்படி வருகிறது: "இது வேற போர்டு. எழுதாதீங்க." டவுன்லோட் பட்டனும் மறைந்துவிடும். 'பரவாயில்லை, தொடர்க' என்று ஒரு பட்டன் வைக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். வைக்கவில்லை. ஹெக்ஸ் எடிட்டரில் வந்த ஓகே பட்டனை அவர் எப்படி அழுத்தினார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஓர் இடத்தில் டூல் பிடிவாதமாக இருந்தது தப்பு. ஒன்பதாவதில் தொடக்கப் பகுதியே அழிந்து, மேக் இருந்த இடத்தில் எஃப்எஃப். டூல் மறுத்தது. பையன் ரவுட்டரைத் திருப்பிக் காட்டி, "அக்கா, அதான் இங்க போட்ருக்கே" என்றான். ஸ்டிக்கரில் மேக் அச்சடித்திருக்கிறது. அடித்துக் கொடுக்க ஒரு கட்டம் சேர்த்தேன். அது எட்டா, ஆங்கிலப் பியா என்று மூன்று பேர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அந்த இரண்டுமே ஹெக்ஸில் செல்லுபடியாகும் என்பதால் டூலால் அங்கே உதவ முடியாது. இரண்டு முறை அடிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். மாடல் எண்ணும் அழிந்திருந்ததால், 'ஸ்டிக்கர்ல வெர்ஷன் பாத்தீங்களா?' என்ற கேள்வியையும் அங்கே வைத்தேன்.

இன்னொரு சின்ன விஷயம் ஒரு மதியத்தையே தின்றது. டவுன்லோட் ஃபைலுக்கு எப்போதும் ஒரே பெயர் வைத்திருந்தேன். இரண்டாவது முறை இறக்கினால் க்ரோம் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 போடும். அண்ணன் ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறி இல்லாத பழைய ஃபைலையே எழுதிக்கொண்டிருந்தார். அதாவது, நாங்கள் ஒழிக்க நினைத்த அதே இரட்டை மேக்கை, அத்தனை சோதனையையும் தாண்டி, மறுபடி உருவாக்கிக்கொண்டிருந்தோம். இப்போது ஃபைல் பெயரே அந்த மேக்கின் கடைசி ஆறு எழுத்தும் நேரமும். நடுவில் கோலன் போட்டுப் பார்த்தேன், விண்டோஸ் ஃபைல் பெயரில் அதற்கு இடமில்லை, க்ரோம் வேறு குறியாக மாற்றிவிட்டது. எடுத்துவிட்டேன். பையன் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறான்.

பூட்டிலே

இதற்கு நடுவில் வேறொரு மாடல் வந்தது, மீடியாடெக் சிப் உள்ளது. சீரியல் கன்சோலில் (போர்டோடு வயர் வழியாகப் பேசும் திரை) பிடித்து நிறுத்தலாம் என்றால் நிற்காமல் ஓடுகிறது. யூபூட் (ரவுட்டரை முதலில் எழுப்பும் மென்பொருள்) தன் செட்டிங்கில் 'பூட்டிலே' என்று எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என வைத்திருக்கும். (தமிழில் எழுதினால் ஏதோ பூட்டுச் சாவி விஷயம் மாதிரி இருக்கிறது. கடையிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.) இதில் அது 0. அதை 3 ஆக்க வேண்டும். எழுத்து 0 ஹெக்ஸில் 30, எழுத்து 3 ஹெக்ஸில் 33. ஒரே ஒரு பைட். பேட்ச் என்றால் இதைவிடச் சின்னது கிடையாது.

எழுதினோம். கன்சோலில் 'பேட் சிஆர்சி, யூசிங் டீஃபால்ட் என்விரான்மென்ட்' என்று வந்தது. செட்டிங் பகுதியின் முதல் 4 பைட் மீதிக்கான சிஆர்சி32. ஒரு பைட் மாறினாலும் அது ஒத்துப்போகாது, யூபூட் மொத்தத்தையும் நம்பாமல் தன் சொந்தச் செட்டிங்குக்குப் போய்விடும்.

சரி, சிஆர்சி போட்டுவிடலாம். என் கணக்கு சரியா என்று பார்க்க எல்லோரும் செய்வது போல 1 முதல் 9 வரையான எழுத்துகளுக்குப் போட்டேன். 342,17,80,262 வர வேண்டும். -87,31,87,034 வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் பிட் வேலை செய்தால் விடை 32 பிட் குறியுள்ள எண்ணாக வரும், மேல் பிட் 1 என்றால் எதிர்மறை. மூன்று அம்புக்குறி போட்டு, பூஜ்ய இடம் வலப்பக்கம் தள்ளினால் நேராகிவிடும். இது தெரிந்த விஷயம்தான், தெரிந்தும் விழுந்தேன்.

திருத்தி எழுதினோம். அதே எச்சரிக்கை. நான் எழுத்து முடியும் வரைதான் கணக்குப் போட்டிருந்தேன். யூபூட் அந்தப் பகுதியின் கடைசி வரை போடுகிறது, வெறுமையாக நிரப்பியிருக்கும் இடத்தையும் சேர்த்து. இந்தப் போர்டில் மொத்தம் 4,096 பைட், முதல் 4 போக 4,092. திருத்தினேன். மறுபடி அதே எச்சரிக்கை. அண்ணன் எழுந்து மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

சாப்பிட்டு வருவதற்குள் கிடைத்தது. ஏத்தெராஸ் வகைப் போர்டுகளின் ப்ராசஸர் பெரிய பைட்டை முதலில் வைக்கும். இந்த மீடியாடெக் சின்ன பைட்டை முதலில் வைக்கும். ஜாவாஸ்கிரிப்டின் டேட்டாவியூவில் 32 பிட் எண்ணை எழுதும்போது ஒன்றும் சொல்லாவிட்டால் பெரியது முதலில். கடைசியில் 'ட்ரூ' என்று ஒரு சொல் சேர்த்தால் சின்னது முதலில். சேர்த்தேன். கன்சோல் 3, 2, 1 என்று எண்ணியது. என்டர் தட்டினேன், நின்றது.

இப்போது செய்முறை ஃபைலில் எந்தப் பக்கம் முதலில் என்று சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் டூல் ஓடாது. இன்னொரு காவலும் போட்டேன். எதையும் மாற்றுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் செட்டிங்குக்கு சிஆர்சி கணக்கிட்டு, சிப்பில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடும். மாற்றாத ஃபைலிலேயே ஒத்துவராவிட்டால், தவறு என் கணக்கில், தொடாதே. இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த மூன்று முறை எழுதியிருக்கவே வேண்டாம்.

11-இல் 9 ரவுட்டர் சரியாகி, சொந்த எண்ணோடு போய்விட்டன. முதலில் போன அந்த இரட்டையர்களையும் திரும்ப வாங்கி, ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தோம். அவற்றின் சொந்தக் காலிபரேஷன் போனது போனதுதான். மேலெழுதுவதற்கு முன் யாரும் படித்துவைக்கவில்லை. அண்ணன் அவற்றின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, கேபிள்காரரிடம் விஷயத்தைச் சொல்லிப் பாதிக் காசுதான் வாங்கினார். வெர்ஷன் வேறான ஏழாவதற்கு இன்னும் நல்ல டம்ப் கிடைக்கவில்லை. கடைசி ஒன்றில் ஆர்ட் பகுதி முழுக்க எஃப்எஃப். டூல் சிவப்பு காட்டியது, அண்ணன் ஒன்றும் பேசாமல் அதன் அடாப்டர் சாக்கெட்டைக் கழற்றி ஸ்பேர் டப்பாவில் போட்டார்.

நேற்றுப் பையன் போன் செய்தான். அதே கேபிள்காரர், இன்னொரு சாக்குப்பை, வேறு மாடல். சிப்பில் 25க்யூ128 என்று இருக்கிறதாம். டம்ப்பைப் போட்டால் டூல் அளவு சரியில்லை என்று உதைத்துவிட்டதாம். "அக்கா, அண்ணன் கேக்க சொன்னாரு, சனிக்கிழமை வருவீங்களா?"